வேறொரு கையால்

டீச்சர் தன்மையாகத்தான் சொன்னார். "நீங்க பக்கத்துல நின்னா பிள்ள உங்க மூஞ்சியத்தான் பாக்கும், சாப்பிடாது. வெளிய பெஞ்சுல உக்காருங்க. கூப்பிடுத தூரந்தான." சங்கரி தலையை ஆட்டிவிட்டு வந்து ஜன்னலுக்கு வெளியே கிடந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் வலது கை சும்மா இருப்பது உறைத்தது. மகள் தாமிரா சோறு தின்னத் தொடங்கிய நாளிலிருந்து மதியமானால் இந்தக் கையில் பிசைந்த பருப்புச் சோறு இருந்திருக்கிறது. காய்ந்து விரலிடுக்கில் ஒட்டி, கழுவினாலும் போகாத ஒரு பிசுபிசுப்பு. இன்றைக்குக் கை சுத்தமாக இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடியிலிருந்த சிவப்புப் பையின் மேல் வைத்துக்கொண்டாள். பைக்குள் மருந்துக் குப்பியும் ஊசியும் இருந்தன. சோற்று டப்பா உள்ளே போய்விட்டது. தாமிராவும் உள்ளே போய்விட்டாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். பார்த்திருந்தால் அழுதிருப்பாள், பார்க்காததே நல்லது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள் சங்கரி. ஆனாலும் பார்க்கவில்லையே என்று கதவைத் திரும்பிப் பார்த்தாள். பெருமாள்புரத்தில் ஜெஸிந்தா டீச்சர் தன் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே நடத்தும் காப்பகம் இது. இதுவரை வந்த நாட்களில் சாப்பாட்டு வேளைக்கு முன்னாலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றைக்குத்தான் முதல் தடவையாக மத்தியானச் சோறு இங்கே, வேறொரு கையால். இது சரியாக நடந்தால் கண் ஆஸ்பத்திரிக்கு மறுபடி வேலைக்குப் போகலாம். நடக்காவிட்டால் என்று நினைக்கும்போதே மனசு அந்த இடத்தைத் தாண்டாமல் நின்றுகொண்டது, வாசற்படியில் செருப்பு மாட்டிய கால் போல.

நடக்காவிட்டால் என்ன, பழையபடிதான். விடிந்ததும் எழுந்து தாமிராவின் பாத்திரத்தைத் தனியாக எடுத்து, தனி நாரால் தேய்த்து, தனி அடுப்பில் ஏற்றுவது. பால் கூடாது, தயிர் கூடாது, மோர், நெய், வெண்ணெய் கூடாது, முட்டை கூடாது. இவ்வளவுதானே என்று கேட்கிறவர்கள் கேட்கிறார்கள். பிஸ்கட்டில் பால் இருக்கிறது, ரொட்டியில் இருக்கிறது, கடைச் சப்பாத்தி மாவில் பிசைகிறவன் கை எதைத் தொட்டதோ அது இருக்கிறது. கோயில் பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிவிட்டுக் கைக்குட்டையில் முடிந்து வைக்க வேண்டியிருக்கிறது, சாமி கோபித்துக்கொள்ளாது என்று நம்பிக்கொண்டு. கணவன் மகாராஜன், வேலை பார்க்கும் ஷோரூமில் டீ குடித்துவிட்டு வந்தால் வாயைக் கொப்பளித்து முகம் கழுவிய பிறகுதான் பிள்ளையைத் தூக்குவான். ஒரு நாள் மறந்து முத்தம் கொடுத்துவிட்டான். கன்னத்தில் உதடு பட்ட இடம் அப்படியே உதடு மாதிரி சிவந்து தடித்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான், வெகுநேரம் கீழே வரவில்லை. சங்கரி அன்றைக்கே பால் காப்பியை விட்டுவிட்டாள். கடுங்காப்பிதான். முதலில் நாக்கு ஏங்கியது, பிறகு ஏக்கமும் அலுத்துப்போய் எல்லாமே ஒரே ருசியாகிவிட்டது. சாப்பிடுகிறோம் என்றுதான் பெயர், பிள்ளை மிச்சம் வைத்ததை நின்றபடியே வழித்துப் போட்டுக்கொள்வது. பிள்ளையோ லேசில் வாயைத் திறப்பதில்லை. ஒரு உருண்டையை வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விழுங்காமல் பார்ப்பாள். விழுங்குடா கண்ணு, விழுங்குடா. காக்கா பார், பூனை பார், எதிர்வீட்டு மாடியில் காயும் நைட்டியைப் பார். சோறு ஆறி, விறைத்து, மறுபடி வெந்நீர் விட்டுப் பிசைந்து, கடைசி உருண்டைக்கு வரும்போது முதல் உருண்டையைத் துப்பியிருப்பாள். டாக்டர் எடை பார்க்கிற ஒவ்வொரு தடவையும் முள் ஆடி நிற்கிற வரைக்கும் சங்கரி மூச்சை விடமாட்டாள், தன் மூச்சும் சேர்ந்தால் பிள்ளை கொஞ்சம் கூடுதலாக இருப்பாள் என்பது போல.

உள்ளே தட்டுகளை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. எவர்சில்வர் தட்டுகள். எந்தத் தட்டில் நேற்று தயிர்ச்சோறு இருந்ததோ. இல்லை, தாமிராவுக்கு டப்பாவிலிருந்தேதான், கரண்டிகூட வீட்டிலிருந்து கொண்டுவந்தது, சோப்புகூட. ஆயா வடிவக்காவிடம் அந்தச் சோப்பைக் கொடுக்கும்போது, "அக்கா, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டாள். ஐம்பது வயதுக்காரியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது. வடிவக்கா முகம் மாறாமல், "ரெண்டு இட்லி, சட்னி. மோரு குடிக்கல. கையக் காட்டணுமா?" என்றாள். கிண்டலா, கோபமா, இல்லை நிஜமாகவே கேட்கிறாளா என்று பிடிபடவில்லை. சங்கரி கையைப் பார்த்தாள். காட்டச் சொல்லாமலே பார்த்துவிட்டாள். மோதிர விரலில் ஒரு செப்பு வளையம், அதன் இடுக்கில் என்ன இருக்குமோ என்றுதான் புத்தி போனது. இப்படி ஆகிவிட்டேனே என்று நினைத்தாள். யார் கையைப் பார்த்தாலும் அந்தக் கை கடைசியாக எதைத் தொட்டது என்று கேட்கிறவளாக. விரல்களையே நம்பாதவளாக. அதற்குக் காரணம் ஒரு விரல்தான். அத்தை ஒருத்தி, மகாராஜன் வழியில், நல்லவள், பிள்ளைகள் என்றால் உயிரை விடுகிறவள். புதுவீட்டுப் பால் காய்ச்சுக்குக் கூப்பிட்டிருந்தாள். பால் காய்ச்சுகிற வீட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோமே, அதையல்லவா முதலில் சொல்ல வேண்டும். போகாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று போனது. அடுக்களைப் பக்கமே போகவில்லை. முற்றத்தில்தான் நின்றார்கள். சங்கரி கைகழுவப் போன நேரத்தில் அத்தை பிள்ளையை வாங்கிக்கொண்டு, தான் தின்றுகொண்டிருந்த பால்கோவாவை விரல் நுனியில் தொட்டு, நாக்கில் வைத்துவிட்டாள். "ஒரு துளிதானட்டி. நாக்குல ருசி தெரியட்டும்னு வச்சேன். அவளும் எத்தன நாளைக்குத்தான் வெறும் சோத்தையே திம்பா." தாமிரா விரலைச் சப்பினாள். சிரித்தாள்கூட. அந்தச் சிரிப்பைத்தான் சங்கரியால் இன்னும் பொறுக்கமுடியவில்லை, இவ்வளவு நாள் கழித்தும். ருசியாக இருந்திருக்கிறது பிள்ளைக்கு. அதற்குப் பிறகு வாய் ஓரம், கண் இமை, கழுத்து. இருமல். அழுகை அழுகையாக இல்லாமல் ஒரு விசில் மாதிரி. ஆட்டோவில் மகாராஜன் டிரைவரின் தோளைத் தட்டிக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது. தாய் முகத்தைப் பார்த்து ம்மா என்றது. அத்தை வராந்தாவில் உட்கார்ந்து தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அடிக்கவும் தோன்றியது, இரண்டுக்கும் தெம்பில்லை.

அதற்கப்புறம்தான் இந்தச் சிவப்புப் பை. மறுபடி அப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். குப்பியின் கழுத்தை உடைத்து, ஊசிக்குழலில் கோடு போட்ட இடம் வரை இழுத்து, தொடையின் வெளிப்பக்கம், துணிக்கு மேலேயேகூட. யோசிக்கக் கூடாது, யோசிக்கிற நேரம்தான் ஆபத்து என்றார். வீட்டில் சாத்துக்குடியை வைத்துக்கொண்டு வெறும் தண்ணீரை இழுத்துப் பழகினாள். மகாராஜனால் முடியவில்லை. பழத்தில் குத்துவதற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டான். இங்கே சேர்க்க வந்தபோது ஜெஸிந்தா டீச்சர் குத்தினார், நாக்கைக் கடித்துக்கொண்டு, சிலுவை போட்டுவிட்டு. குத்தியவர் பழத்தைப் பார்த்து, "எனக்குப் பயந்தான் சங்கரி, ஆனா செய்வேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த இடம். மற்ற இரண்டு காப்பகங்களில், எங்களுக்கு எதுக்கும்மா இந்த வம்பு என்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது. தன் பிள்ளை இல்லாவிட்டால் தானும் அதையேதான் சொல்லியிருப்பாள். எனக்குப் பயந்தான், ஆனா செய்வேன். தானும் அப்படிச் செய்வாளா? இன்றுவரை நிஜத் தொடையில் குத்தியதில்லை. பை கூடவே வருகிறது, குளிக்கப் போனால் கதவுக் கொண்டியில் தொங்குகிறது, தூங்கும்போது தலைமாட்டில். தூக்கம் என்று எதைச் சொல்வது, பிள்ளை மூச்சை எண்ணிக்கொண்டு கிடப்பதை. மூச்சு கொஞ்சம் சத்தமாக வந்தால் எழுந்து விளக்கைப் போட்டு உதட்டைப் பார்ப்பாள். மகாராஜன் கண்ணைக் கையால் மறைத்தபடி, "ஒண்ணுமில்லட்டி, படு" என்பான். ஒன்றுமில்லை என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் பார்க்கிறாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது நாள் முழுக்க ஒரே கேள்விதான், இப்ப நல்லாத் தெரியுதா, முன்னாடி நல்லாத் தெரிஞ்சுதா. இரண்டு கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்க வேண்டும். கடைசியில் சிலர், ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு என்று அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொள்கிறவர்கள் மேல் அன்றைக்கு எரிச்சல் வரும். இப்போது புரிகிறது. இந்தச் சிவப்பு தடிப்பா, தூங்கின தழும்பா, இல்லை கொசு கடித்ததா. இது பசி அழுகையா, வேறயா. பார்த்துப் பார்த்து எல்லாம் ஒன்று போல ஆகிவிட்டது.

இருமல்.

ஒரு இருமல்தான். பிறகு நின்றது. சங்கரி அசையவில்லை. உள்ளே பத்துப் பிள்ளைகள் இருக்கின்றன, இருமாத பிள்ளை எது. சாம்பார் காரம் ஏறியிருக்கும். தாமிராவின் இருமல் இப்படி இருக்காது, அது இதைவிட மெலிசு. மெலிசா, இல்லை கட்டையா, காலையில்கூட இருமினாளே, எப்படி இருமினாள், நினைவில் வரமறுத்தது. பெற்ற பிள்ளையின் இருமல் எப்படி மறந்துபோகும். மறுபடி இருமல், இந்தத் தடவை அடுக்காக, நடுவில் மூச்சை இழுக்கிற சத்தத்தோடு. வடிவக்காவின் குரல், "மேல பாரு, மேல பாரு." யாரைச் சொல்கிறாள். யோசிக்கிற நேரம்தான் ஆபத்து. அவள் எழுந்தது அவளுக்குத் தெரியாது, பையின் ஜிப்பைத் திறந்ததும் தெரியாது. கை குப்பியைப் பிடித்துக்கொண்டிருக்க, ஜன்னல் கம்பியில் நெற்றி முட்டி நின்றாள். உள்ளே இருட்டாக இருந்தது, வெளிவெயிலுக்குப் பழகின கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பாய். பாயில் வட்டமாகப் பிள்ளைகள். நடுவில் ஒரு குண்டுப் பையன் கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டிருந்தான், டீச்சர் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அவன்தான். அவனேதான். யார் பெற்ற பிள்ளையோ, அவன் இருமுகிறான் என்றதும் தனக்கு நிம்மதியானதை நினைத்து வெட்கமாக இருந்தது. தாமிரா எங்கே. தாமிரா ஒரு மூலையில், சின்னப் பிளாஸ்டிக் முக்காலியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அடம் பிடித்ததற்குத் தண்டனையாக உட்கார வைத்தது போல. எதிரே வடிவக்கா குந்தியிருந்து கரண்டியை நீட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தது. சுண்ணாம்பு உரிந்த வெறும் சுவர். யார் இப்படி உட்கார வைத்தது என்று கோபம் பொங்கி வந்து பாதியிலேயே நின்றது. அவள்தான். நேற்றுக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாளே, தள்ளி உக்கார வைங்க டீச்சர், தயிர்ச்சோறு திங்கிற பிள்ளைங்க கை பட்டுரக் கூடாது, அவளும் எட்டித் தொட்டுரக் கூடாது. எட்டித் தொடாமல் இருக்கத்தான் சுவர்ப் பக்கம். சரியாகத்தான் செய்திருக்கிறார்கள், அவள் சொன்னதைச் சொன்னபடி. இப்படியே எவ்வளவு நாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்திலும் ஒரு சுவர், கல்யாண வீட்டிலும் ஒரு சுவர், இவள் முதுகுக்குப் பின்னால் ஊரே சாப்பிடும். திருப்பி வைத்தால் பார்ப்பாள், பார்த்தால் கேட்பாள், கேட்டால் யாராவது கொடுப்பார்கள், ஒரு துளிதான என்று. வட்டத்தின் இந்தக் கோடியில் ஒரு சின்னப் பெண் தயிர்ச்சோற்றை முழங்கை வரை வழியவிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அந்த வெள்ளைக் கைக்கும் தாமிராவுக்கும் எவ்வளவு தூரம் என்று சங்கரி கண்ணாலேயே அளந்தாள். அளந்த பிறகும் தெரியவில்லை. "வடிவக்கா" என்று கூப்பிட்டுவிட்டாள்.

வடிவக்கா நிமிர்ந்தாள். "என்னம்மா, அதுக்குள்ளயா. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, வாயத்தான் திறக்க மாட்டேங்கா."

"அவள இந்தப் பக்கமாத் திருப்பி உக்கார வைங்கக்கா. பிள்ளைங்களப் பாத்து."

வடிவக்கா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். "நீங்கதான சங்கரி தள்ளி வைக்கணும்னு சொன்னீங்க?"

"தள்ளியே இருக்கட்டும் டீச்சர். மூஞ்சி மட்டும் இந்தப் பக்கம் இருக்கட்டும்." இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் வேண்டாம் என்று தானே மாற்றிச் சொல்லிவிடுவாள் போலிருந்தது. "நீங்க நடுவுல இருப்பீங்கள்லா அக்கா?"

"நான் எங்க போப்போறேன்" என்றாள் வடிவக்கா. கரண்டியை டப்பாவில் வைத்துவிட்டு, பிள்ளையோடு முக்காலியை அலாக்காகத் தூக்கித் திருப்பி வைத்தாள். வட்டத்துக்கும் முக்காலிக்கும் நடுவில் தன் அகலமான முதுகை வைத்து உட்கார்ந்துகொண்டாள், பிள்ளை அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிற மாதிரி. தாமிரா பார்த்தாள். இத்தனை வாய்கள் ஒன்றாகத் தின்று அவள் பார்த்ததே இல்லை. வீட்டில் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், யாரும் அவள் எதிரில் தின்பதில்லை. தயிர்ச்சோற்றுப் பெண் ஒரு வாய்க்காக ஆவென்று திறந்தாள். அதைப் பார்த்தபடியே, தன்னை அறியாமல், தாமிராவின் வாயும் திறந்தது. வடிவக்கா அவசரப்படாமல் கரண்டியை உள்ளே வைத்து எடுத்தாள். கன்னத்தில் அடக்கவில்லை. மென்றாள். சங்கரி ஜன்னலிலிருந்து பின்வாங்கினாள். இதற்குமேல் பார்த்தால் பிள்ளை கண்ணில் பட்டுவிடுவோம். அது மட்டுமில்லை, அந்த ஒரு வாய்க்கு அவள் தேவைப்படவில்லை என்பதை நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பெஞ்சு வெயிலில் சூடாகியிருந்தது. குப்பியைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், இவ்வளவு இறுக்கிப் பிடித்தேனே என்று திறந்து பார்த்து, மறுபடி மூடினாள். சுவரில் முதுகைச் சாய்த்தாள். இந்த முதுகு எதிலாவது சாய்ந்து எவ்வளவு நாள். வடிவக்காவின் முதுகு அகலம், அதைத் தாண்டி ஒரு கை வர வேண்டும் என்றால் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும், சுற்றி வந்தால் டீச்சர் பார்ப்பார், டீச்சருக்குப் பயம், ஆனால் செய்வார். பருப்பு வேகும்போது பெருங்காயம் போட்டோமா, அது எந்தப் பாக்கெட், பழைய பாக்கெட்தான், பழையது நல்லது, பழையது பழகினது. வெயில் இமைக்கு மேல் சிவப்பாக நின்றது. இப்போது நன்றாகத் தெரிகிறதா, முன்னால் நன்றாகத் தெரிந்ததா. இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கிறது டாக்டர். உள்ளே பிள்ளைகள் ஏதோ ஒரு சத்தத்தைச் சேர்ந்து போட்டன, தண்ணீர் கேட்டோ, பாட்டுக்கோ, அதில் எது தாமிராவின் சத்தம் என்று பிரித்தெடுக்க ஆரம்பித்தாள், ஒரு நூலைப் பிடித்தாள், அது இல்லை, இன்னொன்று, அதுவும் இல்லை, எல்லாம் பின்னிக்கொண்டு ஒரே கயிறாக ஓடியது, அவள் கையை விட்டு ஓடியது, ஓடட்டும், கொஞ்ச நேரம், மூச்சு ஒன்று, மூச்சு ஒன்று, அடுத்த எண் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா. எம்மா." யாரோ தோளைத் தொட்டார்கள். சங்கரி விழித்தபோது வெயில் பெஞ்சைத் தாண்டிக் காம்பவுண்டுச் சுவர் வரை போயிருந்தது. கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. வாய் ஓரம் ஈரம். பை மடியில் இல்லை, காலடியில் மண்ணில் கிடந்தது. பதறிக் குனிந்து எடுத்தாள். வடிவக்கா டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

"பிள்ளயெல்லாம் தூங்கி எந்திச்சாச்சு. நீங்கதான் எந்திக்கல. டீச்சர்தான் எழுப்பாதன்னாவ."

தூங்கிவிட்டேனா. பிள்ளை உள்ளே தின்றுகொண்டிருக்கும்போது. பயம் வரும் என்று காத்திருந்தாள், அது வருகிற வழியிலேயே எங்கோ உட்கார்ந்துவிட்டது போலிருந்தது. "அவ?"

"மூஞ்சி கழுவி உடுதாவ டீச்சர். தடிப்பு ஒண்ணுங் கிடையாது, சட்டையத் தூக்கிப் பாத்தாச்சு. இந்தாங்க, பாதி தின்னா. மிச்சம் இருக்கு."

பாதி. அழாமல், காக்கா பார்க்காமல் பாதி. சங்கரி டப்பாவை வாங்கினாள். வாங்கியதும் வயிறு இழுத்துப் பிடித்தது, என்னவென்று புரியாமல் ஒரு கணம் வயிற்றில் கையை வைத்தாள். பசி. வெறும் பசி. கைகழுவக்கூட எழாமல் ஒரு வாய் அள்ளிப் போட்டாள். ஆறிப்போன பருப்புச் சோறு. இரண்டாவது வாய்க்குத்தான் நாக்கு விழித்தது.

"உப்பே இல்லையே அக்கா."

"ஆமா. பிள்ளயும் சொல்லுச்சு. உப்பு, உப்புன்னு என் கையப் பிடிச்சு இழுக்கு. அடுக்களையில உப்பு டப்பா கை எட்டுத தூரத்துலதான் இருக்கு." வடிவக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க குடுத்து விட்டதத் தவிர ஒண்ணும் சேக்கக் கூடாதுன்னீங்கள்லா. அதான் போடல."

சங்கரி வாயிலிருந்ததை மெதுவாக மென்று விழுங்கினாள். காலையில் பருப்பைத் தாளித்து, டப்பாவை வெந்நீரில் கழுவி, கரண்டியைத் துணியில் சுற்றி, எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு உப்பைத்தான் மறந்திருக்கிறாள். இன்னொரு வாய் எடுத்துக்கொண்டாள். வடிவக்கா பக்கத்தில் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. டப்பா காலியாகிற வரைக்கும் நின்றாள்.

"நாளைக்கு உப்பு பாத்துப் போட்டுக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு, டப்பாவைக் கழுவ வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.